கிரென்னாவில் ஒரு நாள்: விசிங்சோவை விட்டுவிடாதீர்கள்

வணக்கம். குழந்தைகளோடு சுவீடனின் கிரென்னா ஊரில் ஒரே நாள்தான், விசிங்சோ தீவுக்கும் போக நேரம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக இருக்கும். காலையிலேயே படகில் ஏறிவிடுங்கள். சுமார் 25 நிமிடம்தான். தீவில் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஓக் காட்டுக்குள் போங்கள். போர்க்கப்பல் கட்டுவதற்காக 1830களில் நடத் தொடங்கிய மரங்கள் அவை. அவை முதிர்வதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன!

மதியம் திரும்பியதும் போல்காகிரிஸ் மிட்டாய் செய்வதைக் கட்டாயம் காட்டுங்கள். சூடான சர்க்கரைப் பாகை இழுத்து இழுத்து வெள்ளையாக்கி, சிவப்புப் பட்டை சேர்த்து உருட்டுவார்கள். கடை முழுக்கப் புதினா மணம். கணவரை இழந்த அமாலியா எரிக்சன் 1859இல் தொடங்கிய தொழில் இது.

அப்புறம், 1897இல் பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பி உயிரிழந்த சுவீடன் நாட்டு ஆய்வுப்பயணி அந்திரே பிறந்ததும் இங்கேதான். நேரம் மிஞ்சினால் அவரைப் பற்றிய அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள்.