எத்தனையோ பிராண்டுகள் இருக்க, ஏன் விடாமல் திங்க்பேட் லேப்டாப்பையே வாங்குகிறீர்கள்?

முதல் காரணம் கீபோர்டு. நாள் முழுக்கத் தட்டச்சு செய்வதுதான் என் பிழைப்பு. ஜி, ஹெச், பி விசைகளுக்கு நடுவே உள்ள சிவப்புக் குமிழ், 1992-இல் ஐபிஎம் கொண்டுவந்த 700சி மாடலிலிருந்தே இருக்கிறது. விரல் நுனியால் லேசாகத் தள்ளினால் கர்சர் நகரும். விசைகளை விட்டுக் கையை எடுக்கவே வேண்டாம். புதிதாகத் தொடுபவர்களுக்கு எரிச்சல்தான் வரும். பழகிவிட்டால் டச்பேடு பக்கம் கை போகாது.

இன்னொன்று, பிரித்து மேய்வது எளிது. எந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது, எந்தப் பாகத்தை முதலில் எடுப்பது என்று படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை நிறுவனமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 2018-இல் வந்த டி480-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் (நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) இரண்டையும் வீட்டிலேயே மாற்றலாம். பின்பக்க பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே இன்னொரு பேட்டரி இருப்பதால், அதில் சார்ஜ் இருக்கும்வரை மெஷின் அணையாது.

பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுவதால் பழைய மெஷின்களும் பாகங்களும் மலிவாகக் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் தெரியும்.

இது கண்மூடித்தனமான பக்தி இல்லை. 2005-இல் திங்க்பேட் ஐபிஎம்மிடமிருந்து லெனோவோ கைக்கு மாறியதில் எனக்கு வருத்தமில்லை. மெலிதாக்குகிறேன் என்று ரேமைக் கழற்றி மாற்ற முடியாதபடி போர்டோடு சால்டர் செய்வதில்தான் வருத்தம். அப்படி ரேம் சால்டர் செய்யப்பட்ட எக்ஸ்1 கார்பன் மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க மாட்டேன். டி வரிசையிலும் ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம்.