சோலார் கம்பெனி திவால்; பாதி வேலையில் நிற்கிறது மாடி

கேள்வி: தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 2 லட்சம் பேசி, 1.5 லட்சம் கொடுத்துவிட்டோம். ஆறு பேனல் மாட்டியாயிற்று, இன்வெர்ட்டர் வரவில்லை. கம்பெனி திவால் என்று பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. கூலி பாக்கிக்காகப் பேனலைக் கழற்றுவேன் என்கிறார் மேஸ்திரி. கம்பெனி கொடுத்த 25,000 ரூபாய் செக் கையில் இருக்கிறது. பணம் போனதுதானா?

பதில்: முதலில் மேஸ்திரி. அவருக்குக் கூலி தரவேண்டியது கம்பெனி, நீங்கள் அல்ல. பேனலுக்கு உங்கள் பெயரில் பில் இருந்து, மாடியில் இறக்கி மாட்டியும் ஆகிவிட்டதால் அது உங்கள் பொருள். கழற்ற வந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ஆறு பேனலும் தொடராக இணைந்திருந்தால் வெயிலில் 300 வோல்ட் வரை டிசி நிற்கும், யாரையும் கைவைக்க விடாதீர்கள். கனெக்டர் முனைகள் திறந்து கிடந்தால் கடல் காற்றில் களிம்பேறிவிடும். எலக்ட்ரீஷியனை விட்டு மூடி போடுங்கள்.

பேப்பர் அறிவிப்பில் இடைக்காலத் தீர்வு நிபுணரின் (திவால் நடவடிக்கையில் கம்பெனிப் பொறுப்பை ஏற்றிருப்பவர்) மின்னஞ்சலும் கடைசித் தேதியும் இருக்கும். 'செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்'களுக்கான, அதாவது பொருள், சேவை வகையில் கம்பெனியிடமிருந்து பணம் வரவேண்டியவர்களுக்கான, படிவம் 'பி'-யில் கோரிக்கை அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. பொருளுக்கு முன்பணம் கொடுத்தவரும் இந்த வகைதான் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மெட்ரோ பணியில் கிளம்பிய வழக்கு அது. முழு 1.5 லட்சத்தையும் கேட்காதீர்கள். வந்து சேர்ந்த பேனல், ஸ்டாண்டு மதிப்பைக் கழித்து, பேங்க் ஸ்டேட்மென்டோடு கேளுங்கள். தேதி தாண்டியிருந்தாலும், நடவடிக்கை தொடங்கிய 90 நாளுக்குள் தாமதத்துக்குக் காரணம் எழுதி அனுப்பலாம். ஆனால் பங்கீட்டில் வங்கிகள் முன்னால் நிற்கும். உங்கள் கைக்குச் சொற்பம் வந்தாலே பெரிது.

நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனி மீது இப்போது வழக்குப் போட்டுப் பயனில்லை. திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவுத் தடைக்காலம் (கம்பெனி மீது வழக்கு நடத்த முடியாத காலம்) அதை நிறுத்திவிடும். போடலாம் என்று ஃபீஸ் கேட்பவரிடம் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

செக்கைப் பற்றி அரைகுறை ஆலோசனை நிறையக் கிடைக்கும். கம்பெனி தப்பினாலும் கையெழுத்துப் போட்டவர் மீது 138-ஆம் பிரிவு செக் மோசடி வழக்கு (பணமில்லாமல் செக் திரும்பினால் போடுவது) நடக்கும் என்று 2021 தீர்ப்பு இருப்பது உண்மை. ஆனால் செக் திரும்பி, நோட்டீஸ் கொடுத்து, அதற்கான 15 நாள் கெடுவும் தடைக்காலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்; 2025-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. இன்னும் பேங்கில் போடாத கம்பெனி செக் என்றால் அந்த வழி அடைபட்டது, அந்தச் செக்கையும் படிவத்தில் ஆதாரமாகக் காட்டுங்கள். முதலாளியின் சொந்தக் கணக்குச் செக் என்றால் கதை வேறு. செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்கில் போட்டுவிடுங்கள்.

உண்மையில் பெரிய தொகை மானியம்தான். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், நெட் மீட்டர் (நீங்கள் வாரியத்துக்குக் கொடுக்கும், எடுக்கும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடுவது) பொருத்தி இயங்கத் தொடங்கிய பிறகு உங்கள் கணக்குக்கே வரும். எனவே கோரிக்கையைப் போட்ட கையோடு வேலையை முடிக்கப் பாருங்கள். பதிவு பெற்ற வேறு விற்பனையாளரைப் பிடித்து, ஆள் மாறியதை மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்குமுன் ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் படமெடுங்கள். பின்பக்க ஸ்டிக்கர் உரிந்திருந்தால் முன்கண்ணாடிக்குள் ஓரத்தில் பார்கோடு தெரியும். இந்தியாவில் செய்த செல் உள்ள பேனல்தானா என்று அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மானியம் வராது. பேனல் உத்தரவாதமும் தயாரிப்பாளருடையது, விற்றவர் மூழ்கியதால் அது போகாது. உத்தரவாதத்தைத் தயாரிப்பாளர் மறுத்தால் அவர்மீது சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை.

புதியவருக்கு முன்பணம் வேண்டாம். இன்வெர்ட்டரை உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்குங்கள். கூலியில் பாதியை நெட் மீட்டர் ஓடியதும் கொடுங்கள்.