சீர் வராத கார்த்திகை

கேள்வி: அப்பா காலமான பிறகு வீட்டுப் பங்கு விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சே நின்றுவிட்டது. கார்த்திகைச் சீரும் வருவதில்லை. ஆனாலும் வருஷா வருஷம் வீடு நிறைய விளக்கு ஏற்றுகிறேன். 'உள்ளொளி பெருகும், மனம் அமைதியாகும்' என்கிறார்கள். எனக்கோ அகலைப் பார்த்தாலே அழுகை வருகிறது. என் பக்தியில்தான் குறையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒரு குறையும் இல்லை, சகோதரி. உடன்பிறந்தவன் நினைவோடு வருகிற பண்டிகை இது. பிறந்த வீட்டுச் சீர் வரவேண்டிய நாளில் வராவிட்டால் அழுகை வரத்தான் செய்யும். ஏற்றியதும் மனசு தானாகச் சாந்தமாகிவிடும் என்பவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள்.

இந்தப் பண்டிகையின் கதையே ஒரு சண்டைதானே? யார் பெரியவர் என்று பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் போட்டி. நடுவே சிவன் அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாக நிற்கிறார். பன்றியாகி நிலத்தைக் குடைந்துபோன விஷ்ணு, திரும்பி வந்து 'என்னால் முடியவில்லை' என்று ஒப்புக்கொள்கிறார். அன்னமாகப் பறந்த பிரம்மாவோ, முடியைப் பார்த்ததாகத் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கிறார். குடும்பச் சண்டைகளில் தாழம்பூக்களுக்குப் பஞ்சமே இல்லை. 'உன் அண்ணன்மேல்தான் தப்பு' என்று சொல்லச் சித்தி, மாமா, பக்கத்து வீடு என்று ஒரு கூட்டமே தயாராக இருக்கும். முதலில் அவர்களிடம் இதைப் பேசுவதை நிறுத்துங்கள். மனசுக்குள் கேட்கும் இரைச்சலில் பாதி அவர்களுடையது.

அப்புறம், விளக்கேற்றும்போது 'கீடா: பதங்கா:' என்று தொடங்கும் சுலோகம் சொல்வார்கள். புழு, பூச்சி, கொசு, மரம், நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்கள் எல்லாமே இந்தத் தீபத்தைப் பார்த்து மறுபிறவி நீங்கட்டும் என்பது அதன் கருத்து. கொசுவுக்குக்கூட இடம் இருக்கிறது. ஏற்றுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்ற பேச்சே இல்லை! திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏற்றுவதும் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியட்டும் என்றுதான். அதனால் 'எனக்கு அமைதி வந்ததா' என்று விளக்கின் முன் உட்கார்ந்து சோதித்துப் பார்க்காதீர்கள். அண்ணன் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி ஓர் அகலை வாசலில் வையுங்கள். கோபம் இருந்தால் இருக்கட்டும், கோபத்தோடேயே வைக்கலாம்.

ஆனால் அமைதிக்காக என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் சொத்தில் மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு என்று 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று 2005-ல் திருத்தம் வந்தது. அதை ஒரு வக்கீலிடம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

தீபத்தன்று சாயங்காலம் அண்ணனுக்கு போன் செய்யுங்கள். 'விளக்கு ஏத்திட்டேன்ணா, அண்ணி எப்படி இருக்காங்க?' என்ற அளவில் போதும். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். எடுக்காவிட்டால் உடனே மறுபடி கூப்பிடாதீர்கள். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை, அன்றைக்குப் பார்க்கலாம்.