வெள்ளை போர்டு காரில் கட்ச் வரை போகலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் இருந்து நாங்கள் ஆறு பேர், எல்லாரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஜனவரியில் 20 நாள் குஜராத்தின் கட்ச் ரண் உப்புப் பாலைவனம், தோலாவிரா, ஜெய்சல்மேர் பாலைவனப் பூங்கா என்று நாங்களே கார் ஓட்டிப் போக ஆசைப்படுகிறோம். நாகர்கோவில் புரோக்கர் ஒருவர் ஏழு சீட் வண்டியை நாள் வாடகைக்குத் தருகிறார். வெள்ளை போர்டுதான். போலீஸ் கேட்டால் சொந்தக்காரர் வண்டி என்று சொல்லச் சொல்கிறார். வாங்கலாமா? என் அத்தானிடமும் ஏழு சீட் கார் இருக்கிறது. அதை எடுத்துப் போகட்டுமா?

பதில்: புரோக்கர் வண்டி வேண்டாம். அத்தானின் காரை எடுத்துப் போகலாம்.

வெள்ளை நம்பர் பிளேட் சொந்த உபயோகத்துக்கு மட்டும். காசு வாங்கி வாடகைக்கு விட்டால் அது பெர்மிட் இல்லாத வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விட்டவர் மட்டுமல்ல, ஓட்டியவரும் மாட்டுவார். நாமே ஓட்ட முறையாகக் கொடுக்கும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். தனியார் கார் பாலிசியில் 'வாடகைக்கு விடக் கூடாது' என்ற நிபந்தனை உண்டு. ராஜஸ்தானில் பார்மருக்குப் பக்கத்தில் ஒட்டகம் குறுக்கே வந்து வண்டி நொறுங்கினால், இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது "வண்டி உங்களிடம் எப்படி வந்தது?" என்பதைத்தான். நீங்கள் ஜிபேயில் அனுப்பிய வாடகை அங்கே சாட்சி சொல்லும். கிளெய்ம் நிராகரிக்கப்படும். எதிரே வந்தவருக்குக் கோர்ட் விதிக்கும் இழப்பீட்டைக் கம்பெனி கட்டினாலும், அதைப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கலாம். உரிமையாளர் உங்களைத் தேடி வருவார்.

அதற்காகத்தான் இந்தப் புரோக்கர்கள் ஒரிஜினல் ஆதாரும் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் கேட்கிறார்கள். தயவுசெய்து இரண்டையும் கொடுக்காதீர்கள். பழைய கீறலையெல்லாம் உங்கள் கணக்கில் எழுதி, செக்கில் இஷ்டப்பட்ட தொகையை நிரப்பி வங்கியில் போடுவார்கள். செக் திரும்பினால் வழக்கு உங்கள்மேல்.

முறையான வண்டி நம் ஊரில் ஏன் கிடைப்பதில்லை? 1989-ல் போட்ட வாடகைக் கார் திட்டப்படி, குறைந்தது 50 வண்டி இருந்தால்தான் லைசென்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாலு வண்டி வைத்து நேர்மையாகத் தொழில் செய்ய நினைப்பவருக்கு வழியே இல்லை. அந்த இடத்தில்தான் புரோக்கர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இத்தனை வருடமாகியும் இதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

இனி அத்தானின் கார். உறவினரிடம் காசு கொடுக்காமல் வாங்கி ஓட்டுவது குற்றமில்லை. டீசலும் டோலும் நீங்கள் போடலாம். ஆனால் 'நன்றிக்காக' என்றுகூட அவர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். வண்டி எண், தேதி, ஓட்டப்போகிறவர்களின் பெயர், கட்டணம் இல்லை என்ற வரி, இவற்றோடு அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் இந்தக் கடிதத்தைக் கேட்பதில்லை. ஆனால் எல்லை மாவட்டங்களில் சோதனை உண்டு, கடிதம் இருந்தால் அங்கே பேச்சு குறையும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் காகிதமாகக் கையிலும் வைத்திருங்கள், ரண் பக்கம் சிக்னல் கிடைக்காத இடங்களில் போனை நம்ப முடியாது.

இதில் பலரும் கவனிக்காதது ஒன்று. அத்தானின் கார் பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளர் ஓட்டினால் மட்டும்தான். அத்தான் ஓட்டினால் உண்டு, நீங்கள் ஓட்டினால் இல்லை. அதனால் ஸ்டியரிங் பிடிக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரில் தனி விபத்துப் பாலிசி எடுங்கள். கிளெய்ம் போட்டால் போவது அத்தானின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வண்டியில் டயரைத்தான் முதலில் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் ஆறு வருடம் தாண்டியதை மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது.

வெள்ளை ரணில் தார் ரோட்டை விட்டு இறங்கவே கூடாது. மேலே சிமெண்ட் தரைபோல் வெளுத்துக் கிடக்கும் உப்பு வெறும் பொருக்கு, அடியில் சேறு. புத்தளம் உப்பளத்துப் பாத்தியில் காரை இறக்குவோமா? அதே கதைதான். சக்கரம் சுழலச் சுழல வண்டி இன்னும் புதையும். காவ்டாவில் இருந்து தோலாவிராவுக்கு ரணின் நடுவே போகும் ரோட்டிலும் படம் எடுக்க ஓரம் இறங்காதீர்கள். ரணை விட்டு வந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடற்கரைக் காற்றில் ஓடிய வண்டியில் துரு ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

ஜெய்சல்மேர் வரை ஒரு வழிக்கே 2,500 கி.மீ.க்கு மேல். அவ்வளவு ஓட்ட உடம்பு இடம் கொடுக்காவிட்டால், நாகர்கோவிலில் இருந்து காந்திதாமுக்கு வாரம் ஒரு ரயில் உண்டு. இறங்குவதே கட்சில்தான். அங்கே அகில இந்தியப் பெர்மிட் உள்ள மஞ்சள் போர்டு வண்டியை டிரைவரோடு பிடியுங்கள். குஜராத் பெர்மிட் மட்டும் இருந்தால் ராஜஸ்தான் எல்லையில் நின்றுவிடும்.