ஜாம்பியாவின் லோசி மொழி, தொலைதூர லெசோத்தோவின் மொழியை ஒத்திருப்பது ஏன்?

காரணம், கொலோலோ என்ற ஒரே கூட்டம். இவர்கள் சோத்தோ-ஸ்வானா இனத்தின் ஃபோகெங் குலத்தில் ஒரு பிரிவு. லெசோத்தோவை ஒட்டியுள்ள, இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் பகுதிதான் பூர்வீகம். 1820களில் அங்கே போரும் பஞ்சமும் சூழ்ந்தபோது, தலைவர் செபெத்வானே தம் மக்களையும் மாடுகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார். வழியெல்லாம் சண்டை. இன்றைய போட்ஸ்வானாவைக் கடந்து, 1840 வாக்கில் ஜாம்பெசி ஆற்றங்கரையில் லோசி அரசையே பிடித்துவிட்டார்கள்.

தோற்றவர்களையும் தம் மக்களாகவே செபெத்வானே நடத்தினார். என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். 1851இல் ஸ்காட்லாந்து ஆய்வுப்பயணி லிவிங்ஸ்டனைச் சந்தித்த சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். அப்புறம் மலேரியா கொலோலோக்களை வாட்டியது. 1864இல் லோசிகள் கிளர்ந்தெழுந்து, கொலோலோ ஆண்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டார்கள். பெண்கள் எஞ்சினார்கள், மொழியும் எஞ்சியது.

தண்ணீருக்கு லெசோத்தோவில் 'மெட்சி', லோசியில் 'மெசி'. மனிதனுக்கு அங்கே 'மோத்தோ', இங்கே 'முட்டு'. சரி, லோசிகளின் பழைய மொழி என்ன ஆனது? அதைப் பெரும்பாலும் மறந்தேபோனார்கள். தாங்களே வீழ்த்திய கொலோலோக்களின் மொழியைத்தான் இன்றும் வீட்டில் பேசுகிறார்கள்.