சொல் கேளீர்: விஷமியும் கயவனும்

விஷமி என்பவர் விஷம் போன்றவர்தாமே? (வாசகர், செந்தூல்)

இல்லை. பத்து முறையாவது எழுதியிருப்பேன்: விஷம் வேறு, விஷமம் வேறு. வடமொழியில் 'சம' என்பதன் முன் 'வி' சேர்ந்து, சகரம் ஷகரமாகத் திரிந்து, சமமற்றது, மேடுபள்ளமானது என்னும் பொருளில் பிறந்ததே விஷமம். விட்டுவிட்டு வரும் காய்ச்சலைப் பழைய வைத்தியர்கள் விஷம சுரம் என்றதும் அதன் ஒழுங்கின்மை கருதியே, நஞ்சு கருதியன்று. தமிழில் இச்சொல் குறும்பையும் கெடுநோக்கையும் ஒருசேரச் சுமக்கிறது. அதனால்தான் சுவரில் கிறுக்கும் பேரனை விஷமக்காரன் என்று பாட்டி கொஞ்சுகிறார், அதே சுவரில் இரவோடிரவாக இழிசொல் எழுதிப் போனவனை விஷமி என்று ஏசுகிறார்.

என் ஆற்றாமை செய்தி எழுதுவோர் மீதுதான். கடன்பட்டவர் வீட்டுக் கதவில் ஆலோங் எனப்படும் கள்ளவட்டிக்காரரின் ஆட்கள் சிவப்புச் சாயம் ஊற்றினாலும் விஷமிகள், கோயில் உண்டியலை உடைத்தாலும் விஷமிகள். உண்டியலை உடைத்தவன் திருடன். சாயம் ஊற்றியவன் வட்டி முதலையின் அடியாள். தன் ஆதாயத்தைவிடப் பிறர் கேட்டையே குறியாகக் கொண்டவனுக்கு மட்டும் விஷமி என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள் என்பது என் கட்சி.

விசமி என்று எழுதலாமா? (மாணவர், பிரிக்பீல்ட்ஸ்)

எழுதலாம். விஷயம் விடயமாகவும் பாஷை பாடையாகவும் ஆனது போல டகரமிட்டு 'விடமி' ஆக்கிவிடாதீர்கள். மீண்டும் நஞ்சுதான் நினைவுக்கு வரும்.

பெண்ணுக்கு என்ன சொல்? (அதே மாணவர்)

விஷமி இருபாலுக்கும் பொது.

கயவர் என்பது தவறா? (பெயரில்லை, ஊரில்லை)

எந்த வாக்கியத்தில்? வாக்கியத்தை எழுதாமல் சொல்லை மட்டும் அனுப்பினால் நான் என்ன சோதிடமா பார்ப்பது? ஒருவனைக் குறித்தால் கயவன், பலரைக் குறித்தால் கயவர். அந்த 'அர்' மரியாதைக்கு வந்ததன்று.

கயவர்க்கும் குளத்தைக் குறிக்கும் கயத்துக்கும் உறவு உண்டா? (ஆசிரியை, கெப்போங்)

நல்ல கேள்வி, ஆனால் ஒலி ஒத்ததற்காக உறவு கற்பிக்க வேண்டாம். தொல்காப்பிய உரியியலில் 'கய' என்பதற்குப் பெருமை, மென்மை என்றே பொருள். இழிவு அங்கே இல்லை. இழிபொருளைத் தெளிவாகக் காட்டுவது திருக்குறளின் 108ஆம் அதிகாரமாகிய கயமை. அதன் 10 குறள்களில் ஆறு 'கயவர்' என்றும் நான்கு 'கீழ்' என்றும் சொல்கின்றன. 'பயன்படும் கீழ்' என்னும் தொடரைக் கவனியுங்கள். சான்றோர் 'பயன்படுவர்', கீழோ 'பயன்படும்'. வினைமுற்றிலேயே கயவரை உயர்திணையிலிருந்து இறக்கிவிட்டார் வள்ளுவர்.

பிறர் ரகசியத்தை ஊரெல்லாம் சொல்பவனைக் கயவன் என்பது மிகையா? (வாசகி, ஜாலான் ஈப்போ)

மிகையன்று. 1076ஆம் குறளைப் பாருங்கள்: 'அறைபறை அன்னர் கயவர்'. கேட்ட மறைகளைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்வதால், கயவர் அறையப்படும் பறை போன்றவர் என்கிறது அது.