ஐசியூவில் இருந்த அப்பாவுக்குப் படுக்கைப் புண் வந்தது நர்ஸ்களின் தவறா?

பத்து நாள் வென்டிலேட்டரில் இருந்த அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது, நர்ஸ்கள் சரியாகப் பார்க்காததுதானே காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலூர்ப் பக்கம் பதினோரு வருடமாக ஐசியூ நர்ஸ். படுக்கைப் புண்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும். அதற்காக, வந்ததெல்லாம் அலட்சியத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், நெசவாளர். ரத்தத்தில் கிருமி கலந்து பிரஷர் விழுந்து, பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. லேசாகத் திருப்பினாலே மானிட்டர் கத்தும். பயந்துபோய் மல்லாக்கவே விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் காலை நான்கு பேர் சேர்ந்து புரட்டினோம். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. தோல் கிழியவில்லை, ஆனால் தொட்டால் கொழகொழவென்று இருந்தது. சில நாளில் அது கறுத்து, குழியாகத் திறந்துகொண்டது. “உள்ள வரும்போது முதுகுல ஒண்ணும் இல்லையேம்மா” என்று அவர் மனைவி கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிரஷரைத் தூக்கும் அந்த மருந்தே தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நிமோனியா வராமலிருக்கத் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறோம். அப்போது உடம்பு மெல்ல வழுகும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, எலும்பு மட்டும் கீழே இறங்கி நடுவில் இருக்கும் சதையை இழுத்து நசுக்கும். கத்திரி வெயிலில் முதுகு வியர்த்து ஊறியிருந்தால் இன்னும் மோசம். மயக்க மருந்தில் இருப்பவருக்கு வலி தெரியாது, தானாகப் புரளவும் மாட்டார். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான்: உணர்ச்சி போன இடத்தில் அடிபடுவது தெரியாததால்தான் புண் மேல் புண் வந்தது.

சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புவோம். இப்போதெல்லாம் பிரஷர் நிலையில்லாதவரைக்கூட நான் அப்படியே விடுவதில்லை. இடுப்புக்கு ஒரு பக்கம் துண்டை மடித்துச் செருகி, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் சாய்ப்போம். மாஸ்க் அழுத்தும் மூக்குத் தண்டு, எலாஸ்டிக் போகும் காதின் பின்புறம், டியூப் கட்டிய உதட்டோரம் எல்லாவற்றையும் தூக்கிப் பார்ப்போம். புத்தகங்கள் சிவப்பைத் தேடச் சொல்கின்றன. நம் ஆட்களின் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையால் தொட்டுப் பார்த்தால், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ இறுக்கமாகவோ இருப்பது தெரியும்.

அதனால் கோபப்படுவதற்கு முன்னால், அப்பாவைத் திருப்பிய நேரங்களை எழுதிய சார்ட்டையும், சேர்த்த அன்று தோல் எப்படி இருந்தது என்ற குறிப்பையும் கேளுங்கள். கட்டங்கள் காலியாகக் கிடந்தால் உங்கள் கோபம் நியாயமானது, தயங்காமல் கேளுங்கள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார் என்கிறீர்கள். சரி, புண்ணைச் சுற்றி எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், நொந்த சதை இன்னும் நசுங்கும். கடையில் விற்கும் காற்றடைத்த வளையமும் வேண்டாம், அதன் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கும். ஏர் பெட் வாங்கியிருந்தாலும் திருப்புவதை நிறுத்தக்கூடாது. முட்டை, பருப்பு தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். நாற்றம், சீழ், காய்ச்சல், கறுத்த தோல், இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

அப்புறம், குதிகாலை இன்றைக்கே பாருங்கள். வால் எலும்புப் பகுதிக்கு அடுத்தபடியாக அடிக்கடி புண் வருவது அங்கேதான். கெண்டைக்காலுக்கு அடியில் நீளமாக ஒரு தலையணை வையுங்கள். குதிகாலுக்கும் படுக்கைக்கும் நடுவில் உங்கள் கை தாராளமாக நுழைய வேண்டும்.